வெளிநாட்டுத் தம்பதியை வண்ணாரப்பேட்டைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மணலியில் உங்களோடு வேலை செய்யும் ஒரு ஜெர்மானியரும் அவர் மனைவியும் அண்ணா நகரில் குடியிருக்கிறார்கள். தொழிற்சாலை ஃபோர்மேன் தன் மகள் கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டுக்கே போய்ப் பத்திரிகை வைத்திருக்கிறார். மண்டபம் பழைய வண்ணாரப்பேட்டையில். அவர்களுக்குப் போக ஆசை. உங்களுக்குத்தான் தயக்கம்: அந்தப் பக்கம் கூட்டிப்போகலாமா, ரிசப்ஷனுக்கு மட்டும் தலைகாட்டினால் போதுமா, என்ன உடுத்துவது, மொய் எவ்வளவு, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்டையார்பேட்டையில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் குடும்பம் எங்களுடையது. பந்தி விசாரித்தே வளர்ந்தவன் நான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மண்டபங்களில் வேலை செய்திருக்கிறேன். வெளிநாட்டு விருந்தினர் வந்த கல்யாணங்களும் அதில் உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்: கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள்.

முதலில் அந்தத் தயக்கம். ஃபோர்மேன் வாட்ஸ்அப்பில் பத்திரிகையை அனுப்பிவிட்டு நிற்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை அண்ணா நகர் வரை போய்க் கையில் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு தேடிப் போய் வைத்த பத்திரிகைக்கு மரியாதை தனி. அன்றைக்கு அவர் கண் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வரவில்லை என்றால் அந்த வருத்தம் வெகு நாளைக்கு இருக்கும். வடசென்னை என்றாலே கத்தியும் சண்டையும் என்று திரும்பத் திரும்பக் காட்டியே நம்மவர்களுக்கே ஒரு பயம் வந்துவிட்டது. நான் பார்த்த வரை, கல்யாண மண்டபத்தில் அறிமுகமே இல்லாத ஆளைப் பார்த்து நூறு பேர் “சாப்டீங்களா?” என்று கேட்கிற ஊர் இது. தெரு குறுகலாக இருக்கும், தண்ணீர் லாரி நிற்கும், வண்டி வைக்க இடம் இருக்காது. இதற்கெல்லாம் அவர்களிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கூட்டமும் சத்தமும் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

மண்டபத்துக்கு வெளியே இருக்கும் பேனரைக் காட்டாமல் உள்ளே கூட்டிப்போய்விடாதீர்கள். குலை தள்ளிய வாழை மரமும் சீரியல் பல்பும் வெளிநாட்டவர் கண்ணில் தானாகவே படும். பேனர்தான் படாது. மணமக்கள் படத்துக்குக் கீழே தாத்தா பாட்டி, தாய்மாமன், சித்தப்பா, அத்தை பிள்ளைகள், நண்பர்கள், கைக்குழந்தை வரை வரிசையாக முகம் இருக்கும். இரண்டு நிமிடம் நின்று யார் யார் என்று காட்டிவிட்டால், உள்ளே போனதும் தெரிந்த முகங்களைப் பார்ப்பது போல இருக்கும் அவர்களுக்கு. முக்கியமாகத் தாய்மாமனைக் காட்டிவிடுங்கள். அன்றைக்கு மணமக்களுக்கு அடுத்தபடியாக மாலையும் மரியாதையும் அவருக்குத்தான்.

ரிசப்ஷனா, முகூர்த்தமா என்ற கேள்விக்கு வருகிறேன். சென்னை வழக்கப்படி முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலையில் தாலி கட்டு. ஆபீஸ்காரர்கள் பெரும்பாலும் சாயங்காலம் வந்து, மேடையேறி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் காலை முகூர்த்தத்துக்குக் கூட்டிப்போங்கள் என்பேன். சாயங்காலம் நடப்பது கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் பார்க்கக்கூடிய விருந்து. பாட்டுக் கச்சேரி, விளக்கு, வரிசையில் நின்று வாழ்த்து. காலையில் கூட்டம் பாதிதான் இருக்கும், அதில் முக்கால்வாசி சொந்தக்காரர்கள். தூக்கக் கலக்கத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் அத்தைகள், பூக்கட்டும் பெண்கள், கோபித்துக்கொண்ட பெரியப்பாவைச் சமாதானம் செய்யும் ஆட்கள் என்று ஒரு குடும்பம் எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும். விடிகாலையில் எழுந்து வந்து உட்கார்ந்தவர்களைப் பெண் வீட்டார் மறக்கவே மாட்டார்கள்.

நேரத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஜெர்மானியர்களுக்கு இது முக்கியம். பத்திரிகையில் வரவேற்பு “மாலை 6.30 மணி முதல்” என்று போட்டிருந்தால் ஏழரைக்குப் போனால் சரியாக இருக்கும். மாப்பிள்ளை அழைப்பு கோயிலிலிருந்து கிளம்பி, பேண்டும் செண்டை மேளமும் சரவெடியுமாக வந்து சேர வேண்டும். பெண்ணுக்கு அலங்காரம் முடிய வேண்டும். முகூர்த்தம் அப்படி இல்லை. 6 முதல் 7.30 என்று போட்டிருந்தால் அதற்குள் தாலி ஏறியே தீரும். ராகு காலம், எமகண்டம் பார்த்துக் குறித்த நேரம் அது. திங்கட்கிழமை என்றால் 7.30-க்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்கு முன் எப்பாடுபட்டாவது முடிப்பார்கள். ஆகவே காலையில் ஆறுக்கு முன்பே நாற்காலியில் இருக்க வேண்டும்.

உட்கார்ந்த பிறகு என்ன நடக்கும் என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். தட்டில் தேங்காய் மேல் தாலியை வைத்து வரிசையாகக் கொண்டுவருவார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், கையில் எடுக்கக் கூடாது. கூடவே மஞ்சள் கலந்த அரிசி வரும். அதுதான் அட்சதை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஐயர் கை காட்டியதும் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் எழும்பும், நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் அபசகுனமான எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்றுதான் அந்த முழக்கம். மாப்பிள்ளை முடிச்சுப் போட, அவர் சகோதரி, அதாவது பெண்ணுக்கு நாத்தனார், பின்னால் நின்று மீதி முடிச்சைப் போடுவார். அட்சதையைத் தூரத்திலிருந்து வீசினால் முன்வரிசைக்காரர் தலையில்தான் விழும். முடிந்தால் கிட்டப் போய் மெதுவாகத் தூவச் சொல்லுங்கள். மணவறையைச் சுற்றி போட்டோகிராபர்கள் சூழ்ந்துகொள்வதால் எதுவும் தெரியாது. மண்டபத்தில் டிவி வைத்திருப்பார்கள், அதில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐயர் மந்திரம் சொல்லும்போது மண்டபத்தில் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது வெளிநாட்டவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தேவாலயம் போல அமைதியாக இருக்க வேண்டுமோ என்று நினைத்து இறுக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், எழுந்து நடக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். பேச்சில் தமிழோடு தெலுங்கும் காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. முழுக் கறுப்பு வேண்டாம். அந்த அம்மாவுக்கு வெறும் வெள்ளைப் புடவையும் வேண்டாம். அரக்குச் சிவப்புப் பட்டும் முகூர்த்தத்துக்கு வேண்டாம், அது பெரும்பாலும் பெண்ணின் நிறம். புடவை கட்ட ஆசைப்பட்டால் எம்.சி. ரோட்டுக்கே கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைகளில் ஏறி இறங்குவதே கல்யாணத்தில் பாதி. கனமான பட்டு வேண்டாம், மென்பட்டு போதும். அன்றைக்கு யாராவது ஒரு பெண் உதவிக்கு வந்து, நிறைய பின் குத்திக் கட்டிவிடட்டும். கணவருக்கு ஒட்டிக்கோ வேட்டி இருக்கிறது, இடுப்பில் ஒட்டிக்கொண்டால் அவிழாது. இரண்டுமே வேண்டாம் என்றால் சுடிதாரும் சட்டை பேண்டும் தாராளம். மண்டபத்தில் யாராவது பெரியம்மா அந்த அம்மாவின் தலையில் மல்லிகைப் பூ வைத்துவிடுவார், நெற்றியில் குங்குமமும் வைப்பார். கேட்காமலே தொடுவார்கள். அது அன்பு என்று முன்பே சொல்லிவையுங்கள். மணவறை மேடைக்குச் செருப்போடு ஏறக் கூடாது, அதையும்.

மொய்யில்தான் நல்லெண்ணத்தோடு வெளிநாட்டவர்கள் தப்பு செய்வார்கள். அவர்கள் சம்பளத்துக்கு ஐயாயிரம், பத்தாயிரம் பெரிதாகத் தெரியாது. ஆனால் மொய் என்பது கொடுத்துவிட்டு மறக்கிற பரிசு இல்லை. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டில் இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதற்குக் குறையாமல், முடிந்தால் கூடச் சேர்த்து, திருப்பிச் செய்ய வேண்டும். நாளைக்கு ஜெர்மனிக்குத் திரும்பிவிடும் ஒருவருக்கு ஃபோர்மேன் அதை எப்போது, எந்த விசேஷத்தில் திருப்பிச் செய்வார்? பெரிய தொகை அவர் மனசில் சுமையாக உட்கார்ந்துவிடும். கூட வேலை செய்பவர்களும் தங்கள் ஐந்நூறைக் கொடுக்கக் கூசுவார்கள். தம்பதியாக வருகிறார்கள் என்பதால் 1001 ரூபாய் சரியான தொகை. நெருங்கிப் பழகியவர் என்றால் 2001. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பூஜ்யத்தில் முடியக் கூடாது என்பதற்கு அந்த ஒரு ரூபாய். பெயரைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள், இரவு கவர் பிரிக்கும்போது வீட்டார் யாரென்று தேட வேண்டியிருக்காது. கூடவே அவர்கள் ஊர்ப் பொருள் ஏதாவது சின்னதாகக் கொடுத்தால் அது ஷோகேஸில் வருஷக்கணக்கில் இருக்கும்.

மேடையில் கவரைப் பெண்ணிடமே கொடுக்கலாம், நீங்கள் பெண் வீட்டு அழைப்பு. பெண்ணுக்குக் கைகொடுப்பதைவிடக் கும்பிடுவது நல்லது. அவளே கையை நீட்டினால் சரி. ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லிவையுங்கள்: விருந்தினர் வயதில் பெரியவர்கள் என்றால் மணமக்கள் சட்டென்று காலில் விழுவார்கள். வெளிநாட்டவர்கள் பதறிப்போய்ப் பின்வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன், அப்போது பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சங்கடமாகிவிடும். அசையாமல் நின்று, குனிந்த தலைக்கு மேல் கையை வைத்து, “நல்லா இருங்க” என்று சொன்னால் போதும். இந்த இரண்டு சொல்லை வழியில் வரும்போதே சொல்லிப் பழக்கிவிடுங்கள்.

இப்போது என் தொழில். காலை முகூர்த்தம் முடிந்ததும் டிபன் பந்தி: இட்லி, வடை, பொங்கல், கேசரி, பூரி மசால் என்று இருக்கும். சாயங்காலம் பரோட்டா குருமா, தோசை, வெஜிடபிள் பிரியாணி, ஐஸ்கிரீம், பீடா. கறி பிரியாணி இருக்குமா என்பது வீட்டுக்கு வீடு, மண்டபத்துக்கு மண்டபம் மாறும். சில மண்டபங்களில் அசைவம் சமைக்க விடமாட்டார்கள், அந்த வீட்டார் மறுநாள் வீட்டில் கறி விருந்து வைப்பார்கள். அதற்கும் கூப்பிட்டால் அவர்களை உள்வீட்டு ஆட்களாகவே சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரம் தாங்காதவர்களுக்கு இட்லி, பொங்கல், கூட்டு, அப்பளம், தயிர் சாதம் பயமில்லாமல் கொடுக்கலாம். கவனிக்க வேண்டியது முந்திரி. குருமாவில் அரைத்து ஊற்றியிருப்போம், கேசரியில், பொங்கலில், பாயசத்தில் வறுத்துப் போட்டிருப்போம். கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாத ஆட்கள் என்றால் பந்தி விசாரிக்கிறவரிடம் உட்காருவதற்கு முன்பே சொல்லுங்கள், எதைத் தொட வேண்டாம் என்று அவர் சரியாகச் சொல்வார். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தண்ணீர் இலைக்குப் பக்கத்தில் சின்ன பாட்டிலில் சீல் உடைக்காமல் இருக்கும்.

வீட்டுக்காரர் தனி அறையில், தனி மேசையில் உட்கார வைக்கப் பார்ப்பார். மரியாதைக்காகச் செய்வது அது. ஆனாலும் “எல்லாரோடும் உட்கார்றோம்” என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பொதுப் பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, உப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கை மாறி வந்து விழுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். இலையின் குறுகிய நுனி இடது பக்கம் இருக்க வேண்டும், வலது கையால் சாப்பிட வேண்டும். கையால் வரவில்லை என்றால் ஸ்பூன் கேட்கலாம், ஐஸ்கிரீமுக்கு வைத்திருப்பது இருக்கும். வேண்டாம் என்பதை இலையில் விழுவதற்கு முன் கையைக் குறுக்கே காட்டிச் சொல்ல வேண்டும். விழுந்த பிறகு ஒதுக்கிவைத்தால் சமைத்தவனுக்கு மனசு வலிக்கும், இதை என் சார்பாகவே சொல்கிறேன். பாதி சாப்பாட்டில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்து எழுந்துவிட வேண்டாம், அது இடம் பிடிப்பது மட்டும்தான். முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில்.

செல்ஃபி. இதில் உங்கள் உதவி தேவைப்படும். பிள்ளைகள் முதலில் வருவார்கள், பிறகு இளைஞர்கள், பிறகு பாட்டிகள். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், எத்தனை குழந்தைகள், ஏன் இல்லை, என்ன சம்பளம் என்று கேள்விகளும் வரும். விருப்பமில்லாத கேள்விக்குச் சிரித்துவிட்டு நகரலாம். அன்றைக்கு எல்லோரும் பார்க்க வேண்டியது பெண்ணையும் மாப்பிள்ளையையும். கூட்டம் உங்கள் விருந்தினரைச் சுற்றிச் சேர்ந்தால் நீங்களே “அப்புறம் எடுத்துக்கலாம்பா” என்று கலைத்துவிட்டு, அவர்களை நடு வரிசைக்கு நகர்த்திவிடுங்கள். வெளிநாட்டு விருந்தாளி வந்திருப்பது ஃபோர்மேனுக்குப் பெருமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களை மேடை அலங்காரம் போல நிறுத்தி வைக்க விட்டுவிடக் கூடாது. முதல் நாள் இரவு என்றால் மாடிக்கோ வெளியே வண்டி பக்கமோ குடிக்கக் கூப்பிடும் ஆட்களும் இருப்பார்கள். “நாளைக்குக் காலையில முகூர்த்தம்” என்று சொல்லித் தவிர்த்துவிடலாம்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு அழைப்பு வந்தால் அது இதே மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். ராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்திலோ பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்திலோ நடந்தால் முறை அவர்களுக்குப் பழகியதாக இருக்கும். அங்கேயும் மோதிரத்தோடு தாலியும் உண்டு என்பதுதான் புதிது. மண்ணடிப் பக்கம் நிக்காஹ் என்றால் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவார்கள், தம்பதியைப் பிரித்து உட்காரவைத்தால் திகைக்க வேண்டாம். பிரியாணியோடு தால்சாவும் பிரெட் அல்வாவும் வரும். ஐயரே இல்லாத சுயமரியாதைத் திருமணமும் இங்கே சகஜம். தலைவர் ஒருவர் நடத்திவைக்க, மாலை மாற்றி, வாழ்த்துரை நடக்கும். 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் அந்தத் திருமணங்கள் சட்டப்படி செல்லும். ஐரோப்பியர்களுக்கு இது ஆர்வமான விஷயம், விளக்கிச் சொல்லுங்கள். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் கல்யாணம் என்றால் மகிழ மரத்தைக் காட்டாமல் வராதீர்கள். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சங்கிலி நாச்சியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்துகொடுத்தது அந்த மரத்தடியில்தான். அதை மீறி ஊரைத் தாண்டியபோது அவர் கண்பார்வை போனது என்கிறது பெரியபுராணம்.

கார் வேண்டாம். சாயங்காலம் எம்.சி. ரோட்டுப் பக்கம் நிறுத்த இடம் தேடுவதற்குள் ரிசப்ஷன் முடிந்துவிடும். அண்ணா நகரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, விம்கோ நகர் போகும் வண்டிக்கு மாறினால் வண்ணாரப்பேட்டையிலோ தியாகராயா கல்லூரியிலோ இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ. விடிகாலை முகூர்த்தத்துக்கு மட்டும் வாடகை வண்டி சொல்லிவிடுங்கள், தெரு காலியாக இருக்கும்.

கிளம்பும்போது தாம்பூலப் பை கொடுப்பார்கள், வாங்காமல் போகக் கூடாது. தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக் கெடுத்துவிடுவார்கள், நீங்கள் உடைத்துக் கொடுங்கள். கல்யாணம் முடிந்த சில வாரங்களுக்குள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் புது ஜோடியை விருந்துக்கு அழைப்பார்கள். மொய்யைப் பெரிதாகச் செய்ய நினைத்த அந்தத் தம்பதி, அதற்குப் பதிலாக அண்ணா நகர் வீட்டில் ஒரு நாள் மணமக்களுக்கு விருந்து வைக்கலாம். தங்கள் ஊர்ச் சமையலே செய்யட்டும். ஃபோர்மேனையும் அவர் மனைவியையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி, சனி கறி தொடாத வீடாக இருக்கலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள்.